நகரத் திட்டமிடலில் பேராசிரியர் ஆக: இங்கேயே படிப்பதா, வெளிநாடு போவதா, முதலில் வேலைக்குப் போவதா?

நகரத் திட்டமிடலில் முனைவர் பட்டம் வாங்கிப் பேராசிரியர் ஆகப் போகிறேன் என்று சொல்லும் சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு வீட்டிலிருந்து வரும் முதல் கேள்வி, "அது என்ன வேலை?" இரண்டாவது, "அதுக்கு எதுக்கு இத்தனை வருஷம்?" மருத்துவம், சட்டம் என்றால் சொந்தத்தில் யாராவது வழி சொல்வார்கள். இதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம். அதனால் பிள்ளைகள் உலகப் பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியலைத் திறந்து, மேலிருந்து கீழாக விண்ணப்பம் போடத் தொடங்கிவிடுகிறார்கள்.

தரவரிசையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் ஆராய நினைக்கும் கேள்விக்குப் பதில் எங்கே இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். வெப்பமானியிலும் வாய்க்காலிலும் இருக்கிறதா, அரசாங்கக் கோப்பில் இருக்கிறதா, மனிதர்களின் பேச்சில் இருக்கிறதா? இங்கே படிப்பது, வெளியே போவது, முதலில் வேலை செய்வது என்ற மூன்று வழிகளில் எது உங்களுக்குச் சரி என்பது பெரும்பாலும் இதில்தான் முடிவாகும்.

ஒரு சின்ன உதாரணம். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்ட வரைபடத்தை இணையத்தில் திறந்து உங்கள் புளோக் இருக்கும் இடத்தைத் தேடுங்கள். குடியிருப்பு நிலம் ஒரு நிறம், வர்த்தகம் நீலம், பூங்கா பச்சை. குடியிருப்பு மனைகளின் மேல் 2.8 என்பது போல ஓர் எண் எழுதியிருக்கும். மனையின் பரப்பளவைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதற்கான வரம்பு அது. திட்டமிடல் அதிகாரி அந்த எண்ணைப் பார்த்ததும் எத்தனை வீடு, எத்தனை கார் நிறுத்துமிடம், பக்கத்துப் பள்ளியில் இடம் போதுமா என்று கணக்குப் போடுவார். ஆய்வாளரின் கேள்விகள் வேறு. 2.8 ஏன், 3.5 ஆக இருந்தால் கீழ்த்தளத்தில் காற்று எப்படி ஓடும்? இந்த எண்ணை யார், எந்தக் கூட்டத்தில் தீர்மானித்தார்கள்? அது மாறினால் இப்போது அங்கே இருக்கும் கடைக்காரர் எங்கே போவார்? முதல் கேள்விக்குக் கருவி வேண்டும், இரண்டாவதற்குக் கோப்பு, மூன்றாவதற்குப் பேச்சு.

இங்கே துறை எப்படி இருக்கிறது

சுமார் 735 சதுர கிலோமீட்டர் தீவு. நிலத்தில் மிகப் பெரும்பகுதி அரசாங்கத்திடம். 1966-ல் வந்த நிலம் கையகப்படுத்தும் சட்டம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆகவே திட்டமிடல் என்றாலே இங்கே அரசாங்க வேலைதான். நகர மறுசீரமைப்பு ஆணையம், வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக), தண்ணீர் அமைப்பான பியூபி, நிலப் போக்குவரத்து ஆணையம், தேசியப் பூங்காக் கழகம், ஜூரோங் நகராண்மைக் கழகம் என்று ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

பல்கலைக்கழகங்களில் நிலைமை வேறு. அமெரிக்காவில் இருப்பது போல நகரத் திட்டமிடலுக்கென்று தனியாக ஒரு பெரிய துறை இங்கே கிடையாது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் முதுகலைப் படிப்பு கட்டடக்கலைத் துறையின் கீழ் இருக்கிறது. புவியியலாளர்கள் கலைப்புலத்தில். நிலச்சொத்துத் துறை வணிகப் பள்ளிக்குப் போய்விட்டது. கொள்கை பற்றிப் பேசுபவர்களை லீ குவான் இயூ பொதுக்கொள்கைப் பள்ளியில் தேட வேண்டும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆசியச் சுற்றுச்சூழல் பள்ளியும் புவி கண்காணிப்பு மையமும் உள்ளன. தொழில்நுட்பத்துக்கும் வடிவமைப்புக்குமான பல்கலைக்கழகமான எஸ்யூடிடியில் லீ குவான் இயூ புத்தாக்க நகரங்கள் மையம். இதெல்லாம் போக, 2010-ல் தேசிய ஆய்வு அறநிறுவனமும் ஸூரிக்கின் ஈடிஎச் பல்கலைக்கழகமும் சேர்ந்து தொடங்கிய சிங்கப்பூர்-ஈடிஎச் மையம் தனியாக இயங்குகிறது.

ஆட்கள் இப்படிப் பிரிந்து கிடப்பதால் இரண்டு விளைவுகள். முனைவர் பட்டத்தை எந்தத் துறையில் எடுக்கிறீர்கள் என்பது பிறகு எந்தத் துறையில் வேலை கேட்கலாம் என்பதையும் சேர்த்துத் தீர்மானித்துவிடும். புவியியலில் எடுத்தவர் கட்டடக்கலை ஸ்டூடியோவில் பாடம் நடத்துவது கடினம், மறுபக்கமும் அப்படித்தான். இன்னொன்று, நிரந்தரப் பணிக்கு வழிவிடும் இடங்கள் எப்போதும் குறைவு. ஓர் இடம் காலியானால் உலகம் முழுவதிலிருந்தும் விண்ணப்பம் வரும். சிங்கப்பூரர் என்பது உதவும், ஆனால் அது மட்டும் போதாது. இதை முதலிலேயே தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

இங்கேயே முனைவர் பட்டம்

கேள்வி வெப்பம், தண்ணீர், மரம், கடல் பற்றியது என்றால் விமானம் ஏற வேண்டிய அவசியமே இல்லை என்பேன். ஈரமான வெப்பமண்டலத்தில், இவ்வளவு நெருக்கமாக உயரக் கட்டிய, இவ்வளவு ஒழுங்காகப் பதிவு வைத்திருக்கும் நகரம் வேறு எங்கே இருக்கிறது? நகரின் நெருக்கமான பகுதிக்கும் மரங்கள் அடர்ந்த புறப்பகுதிக்கும் இடையே சில இரவுகளில் 7 டிகிரி வரை வெப்ப வித்தியாசம் இருப்பதை இங்குள்ள புவியியலாளர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். 2017-ல் தொடங்கிய 'கூலிங் சிங்கப்பூர்' திட்டம் அந்த வெப்பத்தைக் கணினி மாதிரியில் கொண்டுவந்து, கட்டடத்தின் திசையை மாற்றினால் என்ன ஆகும், மரம் வைத்தால் என்ன ஆகும் என்று பார்க்கிறது.

பீஷான்-அங் மோ கியோ பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேராக ஓடிய கான்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றி 2012-ல் திறந்தார்கள். மழை பெய்யும்போது பூங்காவின் ஒரு பகுதி ஆற்றுக்குள் போய்விடும், வடிந்ததும் திரும்ப வரும். நீரியல் படிப்பவருக்கும், பூச்சிகளையும் நீர்நாய்களையும் எண்ணுபவருக்கும், மாலையில் அங்கே நடக்கும் முதியோரைப் பேட்டி காண்பவருக்கும் அந்த ஓர் இடத்தில் வேலை இருக்கிறது. பேருந்தில் போய் ஆய்வு செய்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

கடல் இன்னும் பெரிய விஷயம். தீவின் சுமார் 30 சதவீதம் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. 2024 ஜனவரியில் வந்த மூன்றாவது தேசியப் பருவநிலை ஆய்வு, இந்த நூற்றாண்டு முடிவதற்குள் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்கிறது. கரையோரப் பாதுகாப்பை 2020-ல் பியூபியிடம் ஒப்படைத்தார்கள். கிழக்குக் கடற்கரைக்கு அப்பால் சுமார் 800 ஹெக்டேரில் 'நீள் தீவு' ஒன்றை உருவாக்கும் யோசனை ஆய்வில் இருக்கிறது. பொறியியல், சூழலியல், நிதி, சட்டம் எல்லாம் ஒன்றாக வந்து விழும் இப்படிப்பட்ட கேள்விகள் இன்னும் இருபது முப்பது ஆண்டுகளுக்குத் தீராது. ஒரு கல்வியாளரின் பணிக்காலம் அவ்வளவுதான்.

களவேலையில் ஒரு சுகம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். தோ பாயோவில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தூணில் வெப்பப் பதிவுக் கருவியைக் கட்டிக்கொண்டிருந்த மாணவருடன் ஒருமுறை போயிருந்தேன். நகர மன்றத்திடம் அனுமதி வாங்கி, கேபிள் டையால் இறுக்கி, மேலே வெள்ளைக் கவசம் மாட்டிக்கொண்டிருந்தார். கல்மேசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் தமிழிலேயே கேட்டார்: "என்ன தம்பி, கேமராவா?" இல்லை ஐயா, சூடு அளக்கிறோம் என்றதும், "அப்படின்னா இங்க கட்டாதே. மத்தியானம் அந்தப் பக்கம் காத்தே இருக்காது. நாங்க எல்லாம் ரெண்டு மணிக்கு இந்த மேசையை விட்டுட்டு லிஃப்ட் பக்கம் போயிடுவோம்" என்றார். மாணவர் ஒரு கருவியை லிஃப்ட் பக்கமும் கட்டினார்.

சரி, குறை என்ன? தரவு உங்கள் கையில் இருக்கும்வரை இங்கே படிப்பது லாபம். அது அலுவலகக் கோப்புக்குள் போய்விட்டால் நிலைமை மாறும். வீவக மறுவிற்பனை விலைகள் 1990 முதல் எல்லாருக்கும் திறந்து கிடக்கின்றன, அதை வைத்து எவ்வளவோ எழுதலாம். வீவக புளோக்குகளில் எந்த இனத்தவர் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு வைக்க 1989-ல் கொண்டுவந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின் விகிதங்களை எப்படி முடிவுசெய்தார்கள், எந்தப் புளோக்கில் எத்தனை விண்ணப்பங்கள் அதனால் நின்றுபோயின என்பதெல்லாம் வேறு வகை. அதற்குக் கழகத்தோடு ஒப்பந்தம், பல மாதக் காத்திருப்பு, வெளியிடும் முன் சரிபார்ப்பு எல்லாம் வரலாம். நாலு ஆண்டில் முடிக்க வேண்டிய ஆய்வில் ஓர் ஆண்டு அனுமதிக்கே போய்விட்டால் கையைக் கடிக்கும்.

இன்னொரு குறையைப் பலரும் வெளியே சொல்வதில்லை. இங்குள்ள பல்கலைக்கழகங்கள் தங்களிடமே முனைவர் பட்டம் பெற்றவரைத் தங்களிடமே உதவிப் பேராசிரியராக நேரடியாக எடுப்பது அரிது. கல்வியாளர் ஆக விரும்பும் சிங்கப்பூரர்களை வெளிநாட்டுக்கு முனைவர் பட்டத்துக்கும் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்கும் அனுப்ப அவையே உபகாரச்சம்பளம் வைத்திருக்கின்றன. அதிலிருந்து அவற்றின் மனநிலை புரியும். இங்கே படித்தால் அடுத்த இரண்டு ஆண்டையாவது வெளியே கழிக்கத் திட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாடு

வின்ஸ்டன் சாவ் என்ற பருவநிலை அறிஞரின் பாதை இதற்கு நல்ல உதாரணம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்து, முனைவர் பட்டத்தை அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் முடித்து, திரும்பி வந்து இங்கே பாடம் நடத்தினார். இப்போது சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகப் பேராசிரியர். 2023-ல் ஐநாவின் பருவநிலைக் குழுவான ஐபிசிசியில் இரண்டாம் பணிக்குழுவின் இணைத்தலைவராகத் தேர்வானார். நகர வெப்பம் பற்றிப் படிக்க ஏன் அரிசோனா என்று கேட்கலாம். அந்த மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரம் பாலைவனத்தில் கொதிக்கிறது. அங்கே பழகிய முறைகளை இங்கே கொண்டுவந்து போட்டால் ஒப்பிட ஒன்று கிடைக்கிறது. வெளிநாட்டு முனைவர் பட்டத்தின் உண்மையான லாபம் இந்த ஒப்பீடுதான், பெயர் பெற்ற கட்டடத்தின் முன் நின்று எடுக்கும் படம் அல்ல.

நாடுகளுக்குள் பெரிய வித்தியாசம் உண்டு. அமெரிக்காவில் ஐந்து ஆண்டு, சில சமயம் ஆறு. முதல் இரண்டு ஆண்டு வகுப்புகள், தேர்வு, அதற்கப்புறம்தான் ஆய்வு. எம்ஐடி, பெர்க்லி போன்ற இடங்களில் திட்டமிடல் கோட்பாடு, சட்டம், நிதி எல்லாம் முறையாகக் கற்பிப்பார்கள். கேள்வி இன்னும் தெளிவாகாதவருக்கு இது நல்லது. ஆனால் 2025-ல் அங்கே ஆய்வு மானியங்கள் பெருமளவு வெட்டப்பட்டதையும் மாணவர் விசாவில் வந்த குழப்பத்தையும் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது.

பிரிட்டனில் மூன்று, நாலு ஆண்டில் முடியும், வகுப்பு குறைவு. கேள்வி கையில் இருப்பவருக்கே அது பொருந்தும். கட்டணத்தை யார் கட்டுவது என்பதுதான் தலைவலி, வெளிநாட்டவருக்கான கட்டணம் கொஞ்சமல்ல. இருந்தாலும் லண்டனின் யூசிஎல் பல்கலைக்கழகத்துக்கும் நமக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் என்ற ஜெர்மன் கட்டடக்கலைஞர் நாஜிகளிடமிருந்து தப்பி வந்து மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக்கலைஞராக இருந்தார், புவனேசுவரத்துக்குத் திட்டம் போட்டார். 1963-ல் ஐநா குழுவோடு சிங்கப்பூர் வந்து, தீவைச் சுற்றி வளையமாக நகரங்கள் அமைக்கும் யோசனையைக் கொடுத்தார். பிறகு லண்டனில் அவர் வளர்த்த கல்விப் பிரிவு 1971-ல் யூசிஎல்லுக்குள் வந்தது. இந்தியாவும் சிங்கப்பூரும் பாடமாகி லண்டன் வகுப்பறைக்குப் போன கதை அது.

நெதர்லாந்தைப் பற்றி நம் பிள்ளைகள் அதிகம் யோசிப்பதில்லை, யோசிக்கலாம். டெல்ஃப்ட், உட்ரெக்ட் போன்ற இடங்களில் முனைவர் பட்ட ஆய்வு பெரும்பாலும் நாலு ஆண்டுச் சம்பள வேலை. வேலைவாய்ப்பு விளம்பரம் போல அறிவிப்பார்கள், நீங்கள் வேலைக்கு விண்ணப்பிப்பது போல விண்ணப்பிப்பீர்கள். தலைப்பு பாதி முடிவாகியே வரும் என்பது குறை. கடலோடு மல்லுக்கட்டும் திட்டமிடலுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஆஸ்திரேலியா பக்கத்தில் இருக்கிறது, குடும்பத்துக்குச் சுலபம். ஹாங்காங் நிலப் பற்றாக்குறையில் நமக்கு உறவுக்காரன், 2009 முதல் அங்கே தாராளமான முனைவர் பட்ட உபகாரச்சம்பளம் ஒன்றும் இருக்கிறது.

குடும்பக் கணக்கையும் பார்க்க வேண்டும். தேசிய சேவை முடித்த பையன் பட்டம் வாங்கும்போதே 24, 25 வயது. அமெரிக்கா போய்த் திரும்பினால் 30 தாண்டும், ஒப்பந்தப் பணியில் ஓரிரு ஆண்டு, அப்புறம் நிரந்தரப் பணிக்கான ஆறேழு ஆண்டு ஓட்டம். அந்த ஆண்டுகளில் மத்திய சேமநிதியில் பெரிதாக ஒன்றும் சேராது. வீவகவின் புதிய பிடிஓ வீட்டுக்கு இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்க நினைத்தவர்கள் தள்ளிப்போட வேண்டிவரும். பெண் பிள்ளைகளுக்கு இதோடு "கல்யாணம் எப்போ?" என்பதும் சேரும். பதில் சொல்லத் தெரியாமல் பாதியில் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆய்வு கடினம் என்று விட்டவர்களைவிட அவர்கள்தான் அதிகம்.

முதலில் வேலை

கோப்புக்குள் இருக்கும் கேள்வி என்றால் என் ஓட்டு இதற்குத்தான். மூன்று நாலு ஆண்டு ஏதாவது ஒரு கழகத்தில் திட்டமிடல் அதிகாரியாக இருந்துவிட்டு முனைவர் பட்டத்துக்குப் போங்கள். வெளியிலிருந்து பார்க்கும்போது 'அரசாங்கம்' என்று ஒரே ஆள் போலத் தெரிவது, உள்ளே போனால் ஏழெட்டுக் கழகங்கள். சாலைக்கு இவ்வளவு அகலம் என்று ஒருவர் கேட்பார், அங்கேயே மரம் வேண்டும் என்று இன்னொருவர், அதே இடத்தில் வடிகால் போக வேண்டும் என்று மூன்றாமவர். சாலையோரத்தில் ஒன்றரை மீட்டருக்காக எத்தனை மின்னஞ்சல்கள் பறக்கும் என்பதை உள்ளே இருந்தவர் மட்டுமே அறிவார். எந்தக் கேள்வி ஆராயத் தகுந்தது, எது வெளியாருக்குப் புதிராகத் தெரிந்தாலும் உள்ளே எல்லாருக்கும் பதில் தெரிந்தது என்று பிரிக்கும் கண் அங்கேதான் கிடைக்கும்.

அந்தப் பக்கத்திலிருந்து கல்விக்கு வந்த பெரியவர்கள் உண்டு. 2004 முதல் 2010 வரை நகர மறுசீரமைப்பு ஆணையத்துக்கும், அப்புறம் 2020 வரை வீவகவுக்கும் தலைமை தாங்கிய சியோங் கூன் ஹியன் பிறகு எஸ்யூடிடியின் புத்தாக்க நகரங்கள் மையத்துக்குத் தலைவரானார். சமூகவியலாளர் சுவா பெங் ஹுவாட் வீவகவின் ஆய்வுப் பிரிவில் இருந்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். பொது வீடமைப்பும் அரசியலும் பற்றி அவர் எழுதியவற்றை இத்துறையில் எல்லாரும் படித்தாக வேண்டும். எதிர்த்திசைக்கு உதாரணம் லியூ தாய் கெர். 1965-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் முதுகலை முடித்துத் திரும்பி, வீவகவிலும் பிறகு தலைமைத் திட்டமிடுநராகவும் இருந்து, இந்தத் தீவின் உருவத்தையே மாற்றினார். முனைவர் பட்டம் அவருக்குத் தேவைப்படவில்லை. நகரம் கட்டுவதுதான் ஆசை என்றால் பேராசிரியர் வேலை தப்பான வாசல்.

ஆபத்துகளும் உண்டு. உபகாரச்சம்பளத்தில் சேர்ந்தால் ஒப்பந்த ஆண்டுகள் முடியாமல் நகர முடியாது. உள்ளே பார்த்ததை எல்லாம் வெளியே எழுதவும் முடியாது, அரசாங்க இரகசியச் சட்டம் வேலையை விட்ட பிறகும் பொருந்தும். சம்பளம் ஏறிக்கொண்டே போகும்போது மாணவர் உதவித்தொகைக்கு இறங்க மனம் வராது. 32 வயதுக்குள் கிளம்பாதவர்கள் பெரும்பாலும் கிளம்புவதில்லை. சிறு குறிப்பு எழுதியே பழகிய கைக்கு நீளமாக வாதிட்டு எழுதும் பழக்கம் திரும்ப ஓர் ஆண்டாவது ஆகும்.

முனைவர் பட்டம் இல்லாமல் பல்கலைக்கழகத்தில் நுழையும் வழிகளும் இருக்கின்றன. அனுபவசாலிகளுக்கான பணிப்பிரிவு, பகுதிநேர விரிவுரை, பலதுறைத் தொழிற்கல்லூரி. பாடம் நடத்துவது பிடித்து, ஆய்வுக் கட்டுரை எழுதுவது பிடிக்காதவருக்கு இவை போதும். ஆனால் இவற்றில் முதலாவது நீண்ட அனுபவத்துக்குப் பிறகு வருவது, 26 வயதில் அதைக் குறிவைக்க முடியாது.

மனிதர்களின் பேச்சில் இருக்கும் கேள்விகள்

இங்கேதான் நமக்கு ஒரு கூடுதல் பலம். லிட்டில் இந்தியா 1989-ல் பாதுகாக்கப்பட்ட பகுதியானது. கட்டடங்கள் காப்பாற்றப்பட்டன, வாடகை ஏறியது, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தெருக்களை நிரப்புவதோ வெளிநாட்டு ஊழியர்கள். 2013 டிசம்பரில் அங்கே நடந்த கலவரத்துக்குப் பிறகு, 2015-ல் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் திறந்தவெளியில் அவர்கள் உட்காரும் விதத்தையும் மாற்றியது. பூங்கா எதற்கு, யாருக்கு என்ற திட்டமிடல் கேள்வி இது. பதில் சொல்ல வேண்டிய ஊழியர்களில் பலர் தமிழில் பேசுவார்கள். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில், அவர்கள் பாதி கிண்டலாகச் சொல்வதைப் புரிந்துகொள்ளும் ஆய்வாளர் துறையில் எத்தனை பேர்?

சென்னையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 2022-ல் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தார்கள். சிங்கப்பூரைப் போல எட்டு மடங்கு. அதே ஆண்டு அங்குள்ள பள்ளிக்கரணை சதுப்புநிலம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 2015 வெள்ளத்தை நேரில் பார்த்த ஊர், தமிழில் அரசாணை, தமிழில் கருத்துக்கேட்புக் கூட்டம். சிங்கப்பூரில் தண்ணீரைத் திட்டமிட்ட விதத்தையும் அங்கே நடப்பதையும் ஒரே ஆய்வில் வைக்கும் தமிழ் தெரிந்த சிங்கப்பூரருக்கு உலகத்தில் எந்தத் துறையும் காது கொடுக்கும். இப்படிப்பட்ட கேள்விக்கு நான் வெளிநாட்டையே சொல்வேன், அதிலும் இரண்டு ஊர்களிலும் களவேலைக்குப் பணம் தரும் இடத்தை.

எதுவும் தெளிவாகவில்லை என்றால் இங்கே முதுகலை ஒன்றை வேலை பார்த்துக்கொண்டே படித்து, அதன் ஆய்வேட்டை வைத்து உங்களையே சோதித்துப் பாருங்கள். எழுதும்போது தூக்கம் வந்தால் அதுவே பதில்.

தெளிவாக இருப்பவர்கள் வரும் ஆகஸ்டிலேயே வேலையைத் தொடங்கலாம். அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடியும், நெதர்லாந்து அறிவிப்புகள் ஆண்டு முழுக்க வரும். விண்ணப்பத்துக்கு முன் வழிகாட்டியாக வரக்கூடியவருக்கு ஒரு பக்கத்துக்கு மிகாத மின்னஞ்சல் எழுதுங்கள். முதல் பத்தியில் கேள்வி, இரண்டாவதில் அதற்கான தரவு எங்கே இருக்கிறது, அதை நீங்கள் எப்படி எடுப்பீர்கள், மூன்றாவதில் அவருடைய எந்தக் கட்டுரையோடு அது முட்டுகிறது. பள்ளி மதிப்பெண்களும் சிறுவயதிலிருந்தே நகரங்கள் மேல் ஆர்வம் என்பதும் வேண்டாம். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள்.